கருணைத் தொகையாம், கருணைத் தொகை!

புகழத்தக்கதைப் புகழ்ந்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவதே முறை. ஆகவே ஒடிசாவிலிருந்து தொடங்குவோம். 1999ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள் அந்த மாநிலத்தின் கரையைத் தாக்கிய பெரும்புயலில் மாண்டவர் தொகை, அரசு ஒப்புக்கொண்ட கணக்கின்படியே ஏறத்தாழ 10,000. பாராதீப் துறைமுகத்தை அடுத்த எரசமா வட்டாரத்தில் கடல் எழுந்து ஊருக்குள் நடந்தது. ஊர்கள் இருந்த இடத்தில் சேறும் சடலமும் கிடந்தன. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னர், 1977 நவம்பர் 19ஆம் நாள், ஆந்திரத்தில் கிருஷ்ணா ஆற்றுக் கழிமுகத்துத் திவிசீமையிலும் இதே கோரம் நிகழ்ந்தது. அங்கும் பதினாயிரத்தை ஒட்டிய உயிர்ச்சேதம். இரண்டு தடவையும் காற்றும் கடலும் கொன்றதோடு, ஆயத்தமின்மையும் சேர்ந்தே கொன்றது என்று சொன்னால் அது மிகையன்று.

ஒடிசா அந்த அடியிலிருந்து பாடம் கற்றது. புயல் வீசிய இரண்டே திங்களில், 1999 டிசம்பரிலேயே, பேரிடரை எதிர்கொள்வதற்கெனத் தனி அமைப்பு ஒன்றை நிறுவிற்று. கரையோரக் கிராமங்களில் 800க்கும் மேற்பட்ட புயல் காப்பகங்கள் எழுந்தன. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது 10 லட்சத்தை ஒட்டிய மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். மாண்டவர் 50 பேருக்கும் குறைவு. 2019 மே 3ஆம் நாள் பூரிக்கருகே ஃபானி புயல் கரையேறியபோது 12 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர், மாண்டவர் 64. பதினாயிரம் எங்கே, அறுபத்து நான்கு எங்கே! வானிலை அறிவும் ஆட்சித் திறனும் ஊர் மக்களின் ஒத்துழைப்பும் கைகோத்தால் எது இயலும் என்பதற்கு அது சான்று. வாழ்த்துகிறோம், மனமார வாழ்த்துகிறோம்.

வாழ்த்திவிட்டு ஒன்று கேட்கிறோம். காப்பாற்றப்பட்ட அந்த 12 லட்சம் பேரும் காப்பகத்தின் படியிறங்கி ஊர் திரும்பினார்களே, அங்கே அவர்களுக்கு என்ன இருந்தது? கூரை பறந்த வீடு. வேரோடு சாய்ந்த மரம். நீர் நின்ற வயல். மணலில் புதைந்த வலை. செத்து ஊதிய மாடு. உயிரோடு இருக்கிறார்கள், ஐயமில்லை. எதைக் கொண்டு உயிர் வாழ்வது? இந்தக் கேள்விக்கு இந்நாட்டு ஆட்சிப் பொறி அளிக்கும் விடை என்ன என்பதைத்தான் இன்று ஆராய எடுத்துக்கொண்டோம். எச்சரிக்கை மணி அடிப்பதில் உலகம் மெச்சும் அளவுக்கு முன்னேறிவிட்ட நாம், துயர் துடைப்பதில் மட்டும் வெள்ளைக்காரன் காலத்துக் கஞ்சித் தொட்டியருகிலேயே நின்றுகொண்டிருக்கிறோம் என்பது நமது குற்றச்சாட்டு.

அரசு அலுவலகங்களில் ஒரு சொல் புழங்குகிறது: கருணைத் தொகை. வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அரசு நீட்டுவது கருணைத் தொகை. கருணை என்றால் என்ன பொருள்? தரலாம், தராமலும் இருக்கலாம். தந்தவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும், தராதவரை ஏனென்று கேட்கக் கூடாது. குடிமகன் வரி செலுத்துகிறானே, அதைக் கருணையாலா செலுத்துகிறான்? சோப்புக் கட்டி வாங்கும் கூலிக்காரியிடம் வரியை வாங்கிக்கொண்டுதான் கட்டியைக் கொடுக்கிறார்கள். தேசியப் பேரிடர் நிதிக்கு நெடுங்காலம் பணம் வந்த வழியையும் இங்கே சொல்லிவிடுவோம்: சிகரெட், பீடி, பான் மசாலா ஆகியவற்றின் மீது போடப்பட்ட தனித் தீர்வை. பீடி பிடிப்பவன் யார் என்பது நாடறிந்ததே. கஜானாவுக்குள் நுழையும்போது அதன் பெயர் தீர்வை. அதே காசு அவனுடைய குடிசைக்குத் திரும்பி வரும்போது அதன் பெயர் கருணையாம்!

தரலாம், தராமலும் இருக்கலாம் என்று சட்டம் விட்டுவிடவில்லை என்பதுதான் இதில் விந்தை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 12ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பேரிடரால் தாக்குண்டவர்களுக்கு அளிக்க வேண்டிய குறைந்த அளவு நிவாரணம் எது என்பதைத் தேசிய ஆணையம் வகுத்தே தீர வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. முகாமில் இடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு. கைம்பெண்களுக்கும் அனாதைகளுக்கும் தனி ஏற்பாடு. உயிரிழப்புக்கும் வீட்டுச் சேதத்துக்கும் உதவி. அத்துடன் பிழைப்பு வழியை மீட்டுத் தருவதற்கான உதவி. கடைசியாகச் சொன்னதை வாசகர்கள் மீண்டும் ஒருமுறை படித்துக்கொள்ள வேண்டுகிறோம். பிழைப்பை மீட்டுத் தருவது சட்டத்தின் வாசகம். எந்த அமைச்சரின் தாராள மனத்தையும் பொறுத்ததன்று.

சட்டம் வந்தது 2005இல். குறைந்த அளவுகளை வகுத்த வழிகாட்டி நெறிகள் வந்தது 2016இல். முகாமில் ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர் இடம், நாளொன்றுக்கு 3 லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிவறை என்று எழுதி வைக்கப் பதினோரு ஆண்டுகள்! எந்தப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில், எந்தக் கல்யாண மண்டபத்தில் இந்த அளவு கடைப்பிடிக்கப்பட்டது என்பதை முகாமில் படுத்து எழுந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பின்னர் கொரோனாப் பெருந்தொற்றுச் சாவுகள் குறித்த வழக்கில் 2021 ஜூன் 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்புரைத்தது: 12ஆம் பிரிவு அரசைக் கட்டுப்படுத்தும், எவ்வளவு தருவது என்பதை ஆணையம் முடிவு செய்யலாம், ஆனால் உதவித் தொகைக்கு நெறி வகுக்காமலே இருந்துவிட அதற்கு உரிமையில்லை. இத்தனைக்குப் பிறகும் அரசாணைகளில் கருணை என்ற சொல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. சொல்தானே, போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் தொகையை நிர்ணயிக்கும் மனமும் அந்தச் சொல்லுக்குள்தான் குடியிருக்கிறது.

தொகைக்கு வருவோம். மாநிலப் பேரிடர் நிதியிலிருந்தும் தேசிய நிதியிலிருந்தும் எதற்கு எவ்வளவு தரலாம் என்று மத்திய உள்துறை ஒரு விதிநூல் வைத்திருக்கிறது. 2022இல் வெளியாகி, 2025-26 வரைக்கும் என்று வகுக்கப்பட்ட அந்நூலைப் புரட்டுவோம். உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். சமவெளியில் முற்றும் இடிந்த வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். கறவை மாட்டுக்கு 37,500. ஆட்டுக்கு 4,000. குடிசைக்கு? 8,000 ரூபாய்!

கறவை மாட்டைக் குறைத்து மதிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். மாடு செத்தால் உழவன் குடும்பமே செத்ததுபோல என்பதை நாம் அறிவோம், அந்தத் தொகையும் போதாது. ஆனால் தொழுவத்து மாட்டுக்கு எழுதிய தொகையில் நாலில் ஒரு பங்குகூட மனிதன் குடியிருந்த குடிசைக்கு எழுதப்படவில்லையே, இதை எழுதிய கை நடுங்கவில்லையா? 8,000 ரூபாயில் மூங்கிலும் கீற்றும் வாங்கி, ஆள் கூலி கொடுத்து, மறுபடியும் ஒரு குடிசையைத்தான் கட்ட முடியும். அடுத்த புயலில் மறுபடியும் அது பறக்கும். மறுபடியும் 8,000. கல்வீட்டுக்காரனுக்கு வீடு எழுப்ப உதவி. குடிசைக்காரனுக்கு அடுத்த புயல் வரையில் ஒண்டிக்கொள்ள உதவி. இழந்ததன் விலைக்கு ஏற்பத் தருகிறோம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதாவது, எவனிடம் எல்லாரையும்விடக் குறைவாக இருந்ததோ அவன் எல்லாவற்றையும் இழந்தாலும் குறைவாகவே இழந்தவன்!

அதோடு விட்டார்களா? வீட்டுக்கான தொகையைப் பெற, அந்த வீடு உரிய அதிகாரி சான்றளித்த, அனுமதி பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும் என்று அடிக்குறிப்பு ஒன்று உண்டு. ஆற்றுப் புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் கடலோர மணலிலும் வாழ்பவர்கள் யார்? வெள்ளமும் புயலும் முதலில் தொடுவது யாரை? அனுமதி பெற்ற மனையில் மேட்டு நிலத்தில் இருப்பவனைத் தொடுவதற்கு முன், அனுமதி கிடைக்காமல் பள்ளத்தில் கிடப்பவனைத்தான் தண்ணீர் தேடி வருகிறது. அவனிடம் பட்டா எங்கே என்று கேட்கிறார்கள்.

வயலுக்கு வந்தாலும் இதே கதைதான். மானாவாரிப் பயிருக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய். பாசனப் பயிருக்கு 17,000. பல்லாண்டுப் பயிருக்கு 22,500. எல்லாம் இரண்டு எக்டேர் வரைக்கும்தான். பயிர் 33 விழுக்காடோ அதற்கு மேலோ அழிந்திருக்க வேண்டும். 2015க்கு முன் இந்த எல்லை 50 விழுக்காடாக இருந்தது. பாதி வயல் போனவனையே அதுவரை உழவனாக மதித்தார்கள். குறைத்தது நல்லதே. ஆனாலும் அந்த 33ஐ அளப்பது யார்? சேறு காயாத வரப்பில் நின்றுகொண்டு, ஒரே நாளில் பல ஊர்களுக்குக் கணக்கெழுத வேண்டிய கிராம நிர்வாக அலுவலர். அவரைக் குறை கூறவில்லை. ஒரு மனிதனிடம் ஒரு வட்டாரத்தின் விதியைக் கொடுத்து, ஒரு வாரத்தில் எழுதி முடி என்று விரட்டும் முறையைத்தான் குறை கூறுகிறோம்.

அவர் எழுதும் பெயர் யாருடையது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பட்டாவில் உள்ள பெயரை எழுதுவார். பயிரிட்டவன் பெயர் பட்டாவில் இருக்கிறதா? கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்களில் நிலம் ஒருவருடையது, ஏர் இன்னொருவருடையது என்பது ஊரறிந்த செய்தி. கடன் வாங்கி நட்டவன் குத்தகைக்காரன். நீரில் அழுகியது அவன் உழைப்பு. நிவாரணம் போய்ச் சேருவதோ நகரத்தில் இருக்கும் நிலவுடைமையாளரின் வங்கிக் கணக்குக்கு. ஆந்திர அரசு 2011இல் பயிரிடுவோருக்கு அடையாள அட்டை தரச் சட்டம் இயற்றிற்று. 2019இல் அதற்குப் பதிலாக வந்த சட்டமோ நிலக்காரரின் கையெழுத்தோடு கூடிய ஒப்பந்தத்தைக் கேட்டது. கையெழுத்திட்டால் நிலம் கைவிட்டுப் போகுமோ என்று அஞ்சும் நிலக்காரர் எத்தனை பேர் மையைத் தொடுவார்கள்? ஒடிசாவில் இன்னும் வேடிக்கை: அங்கே 1960ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, குத்தகைக்கு விடுவதையே தடுத்துவிட்டது. தடுத்ததால் குத்தகை ஒழியவில்லை. வாய்ச்சொல்லாக மறைந்து நடக்கிறது. ஆகவே வாரத்துக்குப் பயிரிடுபவன் சட்டத்தின் கண்ணில் இல்லாத மனிதன். இல்லாத மனிதனின் பயிர் எப்படி அழியும்? தமிழகத்தில் 1969ஆம் ஆண்டிலேயே குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது, வாய்மொழிக் குத்தகையும் பதிவேட்டுக்கு வெளியே இருக்கிறது.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியதைத் தஞ்சைத் தரணி மறக்காது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக மரமொன்றுக்கு 1,100 என்று மாநில அரசு அறிவித்தது. எக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு 1 லட்சத்து 92 ஆயிரத்து 500 ரூபாய். நட்ட கன்று காய்க்க ஆண்டுகள் பல வேண்டும் என்பதை நினைத்தால், தோப்புக்காரருக்கே இது ஈடாகாது. ஆயினும் அவருக்காவது ஒரு கணக்கு இருந்தது. மரமேறிக் காய் பறித்தவனுக்கு? மட்டை உரித்தவனுக்கு? கயிற்றாலையில் நார் திரித்த பெண்ணுக்கு? வீட்டு வாசலில் கீற்று முடைந்து அன்றாடம் அரிசி வாங்கிய கிழவிக்கு? மரம் அவர்களுடையதன்று, ஆகவே அவர்கள் மரத்தை இழக்கவில்லை என்று விதிநூல் சொல்லும். மரம் காய்க்கும் வரை தோப்புக்காரருக்கு வருமானம் இல்லையென்றால், அதே ஆண்டுகள் அத்தனையும் அவர்களுக்குக் கூலியும் இல்லை. வேதாரணியத்து உப்பளத் தொழிலாளியைப் பற்றியும் இவ்வாறே கேட்கலாம். பாத்தியில் சேறு நிறைந்தால் உரிமையாளருக்கு இழப்பு என்று எழுதலாம், வாரியவனுக்கு எந்தப் பத்தியில் எழுதுவது?

நியாயம் தவறக்கூடாது, கூலிக்காரனுக்கும் விதிநூலில் ஓர் இனம் உண்டு. பிழைப்பு கடுமையாகக் கெட்ட குடும்பங்களுக்கு இலவச உதவி என்பது அதன் பெயர். 2015ஆம் ஆண்டு விதிகளில் அது எவ்வளவு தெரியுமா? பெரியவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய். அதுவும் முகாமில் தங்கியிராதவர்களுக்கு. அவர்கள் யார் யார் என்பதற்கு மாவட்டவாரியாக மாநில அரசு அடிப்படை காட்டிச் சான்றளித்த பிறகு. அறுபது ரூபாய்க்கு இத்தனை காவல்!

இந்தக் காவல் புத்தி எங்கிருந்து வந்தது? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பொசுக்கிய தாது வருடப் பஞ்சத்தின்போது, டெம்பிள் என்னும் துரைமகன் கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்டார். பசித்தவர்களுக்கு அதிகம் கொடுத்துவிட்டால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற கவலை அவருக்கு. நாளெல்லாம் மண் சுமப்பவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பச் சில்லறையும் என்று 1877இல் கூலியை வெட்டினார். எலும்புக்கூடுகள் நிமிர்ந்து நின்று வேலை செய்தால்தான் பசி உண்மை என்று நம்பிய காலம் அது. 1880களில் எழுதப்பட்ட பஞ்ச விதித் தொகுப்புகள் அந்தக் கொடுமையைச் சற்றுத் தணித்தன. ஆனால், கேட்பவன் ஏமாற்றுகிறான் என்று தொடங்கி, இல்லை என்று அவனே மெய்ப்பிக்கட்டும் என்று முடியும் அந்த மனப்பான்மை, துரைமக்கள் கப்பலேறிய பிறகும் கோப்புகளோடு தங்கிவிட்டது. முறைகேடே நடப்பதில்லை என்று நாம் சொல்லவில்லை. நடக்கிறது, ஆளுங்கட்சிக்காரர் கையில் பட்டியல் சிக்கினால் நடக்காமல் இருக்குமா? அதற்கு மருந்து பட்டியலை ஊர்ச் சாவடியில் ஒட்டுவது. ஏழையின் வயிற்றைச் சோதிப்பதன்று.

விதி இரும்பன்று, வளையும் என்பதற்குக் குமரி மாவட்டத்து மீனவர்கள் சாட்சி. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் ஆழ்கடலில் இருந்தவர்களை வாரிற்று. பலரது உடல் கரைக்கு வரவேயில்லை. காணாமற் போனவர் மாண்டவராகக் கருதப்பட ஏழு ஆண்டுகள் கழிய வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது நெறி. அப்படியானால் கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள் ஏழு ஆண்டுகள் கைம்பெண்ணும் அல்லள், சுமங்கலியும் அல்லள். உதவிக்கும் உரியவள் அல்லள். குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மீனவ மக்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, இருப்புப் பாதையில் அமர்ந்தனர். அதன் பின்னர்தான் ஏழாண்டுக் காத்திருப்பு தளர்த்தப்பட்டு, மறைந்தவர் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் வழங்க வழி பிறந்தது. கருணை பிறந்த இடம் கோட்டையன்று, குழித்துறைத் தண்டவாளம்.

இனி டில்லிக்கும் மாநிலங்களுக்கும் இடையே நடக்கும் கோடிக் கணக்கைப் பார்ப்போம். மாநிலப் பேரிடர் நிதியில் மத்திய அரசின் பங்கு பொதுவாக 75 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 25. அது போதாதபோது மாநிலம் மனு அனுப்ப வேண்டும். மத்தியக் குழு வந்து பார்க்க வேண்டும். அதிகாரிகள் குழு ஆய வேண்டும். உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்மட்டக் குழு ஒப்ப வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தது. இரண்டு வாரத்துக்குள் தாமிரபரணிச் சீமையில் வானம் பிளந்தது, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிற்று. இரண்டுக்கும் சேர்த்துத் தமிழக அரசு கேட்டது ஏறத்தாழ 37,900 கோடி ரூபாய். பணம் வராமல் 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தின் படியேறியது. அம்மாத இறுதியில் தேசிய நிதியிலிருந்து ஒப்பப்பட்டது 276 கோடி! அதே வேளையில் வறட்சி நிவாரணத்துக்காக வழக்குத் தொடுத்த கருநாடகத்துக்கு 3,454 கோடி. குடிகளின் கண்ணீர் வாய்தா வாங்கி நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய கூட்டாட்சி இது!

கேரளத்துக்கு நேர்ந்தது இதனினும் நயமானது. வயநாட்டில் 2024 ஜூலை 30ஆம் நாள் மலை சரிந்து ஊர்கள் புதைந்தன. மறுவாழ்வுக்கென 2025 பிப்ரவரியில் 529 கோடி ரூபாய் வந்தது. மானியமாக அன்று, கடனாக. வட்டியில்லாக் கடனே, மறுக்கவில்லை. ஆனால் மார்ச் 31க்குள் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. முன்னைய பேரிடர்களையும் சேர்த்து மீட்புக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர்களுக்கு 132 கோடி ரூபாய் வாடகை கேட்டு இடையில் ஒரு கடிதமும் வந்து சேர்ந்தது. நாட்டுக்குச் சொந்தமான ஊர்தி, நாட்டு மக்களைக் காப்பாற்றியதற்கு வாடகைச் சீட்டு!

மாநில அரசுகளின் பக்கம் திரும்பினால் அங்கும் கை சுத்தமில்லை. மனுவில் சாலையும் பாலமும் மின்மாற்றியும் கோடிகளாக வரிசைப்படுத்தப்படுகின்றன. கூலியிழந்தவனின் கணக்கு எத்தனை பக்கம்? டில்லியும் தலைநகரங்களும் ஆயிரங்கோடிக்கு வாதாடும் இந்த வழக்கில், கீற்று முடையும் கிழவி எந்தத் தரப்பிலும் கட்சிக்காரர் அல்லர். தருவதிலும் ஒரு நெறி வேண்டாமா? 2023இல் மிக்ஜாம் தாக்கிய சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியைப் புரட்டியது; அங்கே குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். அதே புயலுக்குப் புதுவை அரசு தந்தது 5,000. தென்பெண்ணையாற்றில் சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து பெருகியபோது, கடலூர் மாவட்டத்து ஊரும் புதுவையைச் சேர்ந்த பாகூர் வட்டாரத்து ஊரும் அதே நீரில்தான் தத்தளித்தன. நீருக்கு எல்லை தெரியவில்லை, பணத்துக்குத் தெரிந்திருந்தது. தலைநகரத்தில் செய்தித்தாள்கள் இருக்கின்றன, தொலைக்காட்சிகள் இருக்கின்றன. ஆகவே தலைநகரத்துத் தண்ணீருக்கு விலை அதிகம் என்று விழுப்புரத்துக்காரன் எண்ணினால் அவன்மீது கோபிக்க முடியுமா?

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையான ஐந்தாண்டுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதிகளுக்கென்று 1,60,153 கோடி ரூபாயை வகுத்தது. அதில் 30 விழுக்காடு மீட்சிக்கும் மறுகட்டுமானத்துக்கும் என்று தனியே பிரித்துச் சொன்னது. அதாவது, உடனடிக் கஞ்சிக்கு அப்பால், வாழ்க்கையைத் திரும்பக் கட்டுவதற்கென்றே ஒரு வாசல் திறக்கப்பட்டது. அந்த வாசலுக்குள் எப்படி நுழைவது என்ற வழிகாட்டி நெறிகளை உள்துறை வெளியிட்டது 2024இல். ஐந்தாண்டில் மூன்றாண்டு கழிந்த பின்! ஆகவே பணமில்லை என்பது முதல் விடையாக இருக்க முடியாது. நிதி எல்லையற்றதன்று என்பதையும், ஒவ்வோர் இழப்பையும் ரூபாய்க்கு ரூபாய் ஈடுசெய்ய எந்த அரசாலும் இயலாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்கிறோம். தருவது நிவாரணமே, இழப்பீடன்று என்று உள்துறை திரும்பத் திரும்பச் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. எல்லாருக்கும் எல்லாவற்றையும் தர இயலாதபோது யாருக்கு முதலில் என்பதுதானே கேள்வி? விதிநூல் அதற்கு விடை சொல்லிவிட்டது: உடைமையுள்ளவனுக்கு முதலில். அந்த விடையைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

மாற்றம் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தால் கவலை மிகுகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் 13ஆவது பிரிவும் ஒன்று இருந்தது. கடுமையான பேரிடர்களில் தாக்குண்டவர்களின் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் சலுகையோ, எளிய நிபந்தனையில் புதுக் கடனோ தேசிய ஆணையம் பரிந்துரைக்கலாம் என்றது அது. 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவை அடியோடு நீக்கிவிட்டது. வீடும் நிலமும் மண்ணுக்குள் போன வயநாட்டு மக்களின் வங்கிக் கடனைப் பற்றிக் கேரள உயர்நீதிமன்றம் கேட்டபோது, அந்தப் பிரிவே இப்போது இல்லையே என்பது மத்திய அரசின் பதிலாயிற்று. இருந்த நாளெல்லாம் ஏட்டில் உறங்கிய பிரிவு, தேவைப்பட்ட நாளில் ஏட்டிலும் இல்லை.

அந்த 13ஆவது பிரிவு திரும்ப வர வேண்டும். 12ஆவது பிரிவு சொல்லும் பிழைப்பு மீட்புக்கு, நாளொன்றுக்கு இத்தனை ரூபாய் என்ற பிச்சைக் கணக்கை விட்டு, வேலை மீளும் வரையில் இத்தனை மாதக் கூலி என்ற கணக்கு எழுதப்பட வேண்டும். குடிசைக்கு 8,000 என்ற வரி கிழிக்கப்பட்டு, புயலில் குடிசை இழந்தவனுக்குக் கல்வீடு என்ற வரி ஏற வேண்டும். மனை இல்லையென்றால் மேட்டில் மனையும் சேர்த்து. இவை நாடாளுமன்றமும் உள்துறையும் செய்ய வேண்டியவை. அவை செய்யும் வரை ஊர் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபரில் திரும்பும். அதற்கு முன் ஆகஸ்ட் 15ஆம் நாளும் அக்டோபர் 2ஆம் நாளும் கிராம சபை கூடும். நம் ஊரில் குத்தகைக்குப் பயிரிடுவோர் யார் யார், புறம்போக்கில் குடியிருப்போர் யார் யார், கட்டுமரத்தில் பங்குக்குப் போவோர் யார் யார் என்ற பட்டியலைப் புயல் வருவதற்கு முன்பே எழுதி, சபையில் உரக்கப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, ஒரு படியை வட்டாட்சியருக்கு அனுப்பிப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வெள்ளம் வடிந்த மறுநாள் கணக்கெழுத வரும் அலுவலரின் முன் அந்தப் பட்டியலை வைத்துவிட்டு, பிறகு பட்டாவைப் பற்றிப் பேசலாம்.